பட்டறிவோடு திரும்பி வந்தவர்கள்

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: யாத்திராகமம் 2, 3 அதிகாரங்கள், நெகேமியா 1-6, நியாயாதிபதிகள் 11, 12, மாற்கு 5:1-20, 7:31-37



உபவாச ஜெபத்திற்கு வருகிறவர்கள் எழுதிக் கொடுக்கிற ஜெபக்குறிப்புகளில் அடிக்கடி வருகிற ஒரு விண்ணப்பம் உண்டு. "பாஸ்டர், எப்படியாச்சும் இந்த ஏரியாவ விட்டுப் போயிடணும். பிள்ளைங்க நல்லா இருக்கணும்னா வேற இடம் போகணும். ஜெபிச்சுக்குங்க." அந்த விண்ணப்பத்தில் தப்பு ஒன்றும் இல்லை. கம்பெனிப் புகையும், சாராய நாற்றமும், தெருமுனையில் மாத்திரை விற்கிற பையன்களும் இருக்கிற இடத்தில் பிள்ளை வளர்க்கிற தாயின் வேதனையைக் கர்த்தர் அறிவார். அதனால் ஜெபிக்கிறோம். கர்த்தரும் வாசல் திறக்கிறார். ஒருவர் துபாய்க்குப் போகிறார், ஒருவர் கப்பலுக்குப் போகிறார், ஒருவர் பழைய மகாபலிபுரம் ரோட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார். 2021ல் நம் காலடிப்பேட்டைக்கு மெட்ரோ ரயிலே வந்துவிட்டது. ஊரை விட்டுப் போவது முன்னைவிட சுலபம்.

ஆனால் "பாஸ்டர், போன இடத்துல நான் கத்துக்கிட்டத இந்த ஊருக்குப் பிரயோஜனமாக்கணும், ஜெபிச்சுக்குங்க" என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? வெகு சொற்பம்.

தமிழில் அழகான ஒரு வார்த்தை இருக்கிறது: பட்டறிவு. புத்தகத்தில் படித்து வருவது படிப்பறிவு. பாடுபட்டு, அடிபட்டு, அவமானப்பட்டு வருவது பட்டறிவு. தேவன் தம்முடைய ஜனத்தை மீட்க வேண்டியிருக்கும்போதெல்லாம், தூரத்தில் பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒருவரைத் திரும்பவும் சொந்த ஜனத்திடம் அனுப்புகிறார். வேதத்திலும் இது உண்டு, நம்முடைய தமிழ் நாட்டுச் சபைச் சரித்திரத்திலும் உண்டு. இந்த மாதம் அதைத் தியானிப்போம்.

1. மோசே: முதல் முயற்சியும் இரண்டாம் முயற்சியும்

மோசே தன் ஜனத்தை விடுவிக்க இரண்டு தடவை புறப்பட்டான். பல பேர் இதைக் கவனிப்பதில்லை.

முதல் தடவை அவனுக்கு நாற்பது வயது (அப். 7:23). எகிப்தின் கல்வி, அரமனை செல்வாக்கு, கை பலம் எல்லாம் இருந்தது. ஒரு எகிப்தியனை அடித்து மணலில் மறைத்துப்போட்டான். மறுநாளே சொந்த ஜனத்தானே அவனைக் கேள்வி கேட்டான். இவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று மோசே நினைத்தான், அவர்களோ புரிந்துகொள்ளவில்லை என்று ஸ்தேவான் சொல்லுகிறார் (அப். 7:25). வைராக்கியம் இருந்தது, பக்குவம் இல்லை. ஒரே நாளில் எல்லாம் முடிந்து, தலைமறைவாக ஓடினான்.

இரண்டாவது தடவை அவனுக்கு எண்பது வயது (யாத். 7:7). நடுவில் நாற்பது வருஷம் என்ன செய்தான்? மீதியானில் மாமனாருடைய ஆடுகளை மேய்த்தான். ஆனால் எந்த இடத்தில் மேய்த்தான் என்று பாருங்கள். ஓரேப் பர்வதம் வரை அந்த வனாந்தரம் முழுவதையும் நடந்து பழகியிருந்தான் (யாத். 3:1). எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே மேய்ச்சல் இருக்கும், களைத்த ஆட்டை எத்தனை தூரம் நடத்தலாம் என்று அவனுக்குத் தெரியும். பின்பு இலட்சக்கணக்கான ஜனத்தை அதே ஓரேபுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தான். வீணாய்ப் போனது என்று நினைத்த நாற்பது வருஷம், தேவனுடைய கணக்கில் பயிற்சிக் காலம். அரமனையில் பெற்ற பட்டம் முதல் தடவை உதவவில்லை. ஆடு மேய்த்த கோலே இரண்டாவது தடவை கையில் இருந்தது.

வெளிநாட்டில் பாத்ரூம் கழுவினேன், கப்பலில் துரு சுரண்டினேன், அதில் என்ன சாட்சி இருக்கிறது என்று கூச்சப்படுகிற சகோதரனே, உன் கையில் இருக்கிற கோல் எது என்று கர்த்தர் கேட்கிறார்.

2. மயிலாடிக்குத் திரும்பிய வேதமாணிக்கம்

இப்போது நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் மயிலாடி என்ற ஊர் இருக்கிறது. இருநூறு வருஷங்களுக்கு முன்னால் அது திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது. அந்த ராஜ்யத்தில் தாழ்த்தப்பட்ட ஜனங்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது. சர்க்கார் கூப்பிட்டால் கூலி இல்லாமல் வேலை செய்ய வேண்டும். அந்தக் கட்டாய வேலைக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? 'ஊழியம்'. நாம் இன்று சந்தோஷமாய்ச் சொல்லுகிற இந்த வார்த்தை, அன்று அந்த ஜனங்களுக்கு முதுகில் விழுந்த சுமை.

அந்த ஜனத்தில் பிறந்தவர் மகாராசன். பக்தியுள்ளவர். சமாதானம் தேடி சிதம்பரம் வரை யாத்திரை போனார். அங்கும் மனதுக்கு அமைதி கிடைக்கவில்லை. அங்கிருந்து தஞ்சாவூரில் இருந்த உறவினர்களிடம் போனார். அங்கேதான் கோலாஃப் ஐயர் மூலமாகச் சுவிசேஷத்தைக் கேட்டார். இயேசுவை ஏற்றுக்கொண்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனார்.

பிரியமானவர்களே, இங்கே நின்று யோசியுங்கள். தஞ்சாவூரில் சபை இருந்தது, உறவினர்கள் இருந்தார்கள், போதகர் இருந்தார். திருவிதாங்கூரின் கொடுமை அங்கே இல்லை. அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நம்மாட்கள் பாஷையில் சொன்னால், 'செட்டில்' ஆகியிருக்கலாம். அவர் மயிலாடிக்குத் திரும்பினார்! சொந்த ஜனத்தைக் கூட்டி, தான் கண்டதைச் சொன்னார். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், பலர் எதிர்த்தார்கள்.

அதோடு அவர் நிற்கவில்லை. தன் ஜனத்துக்குப் போதிக்க ஒரு ஊழியக்காரர் வேண்டும் என்று மறுபடியும் சோழநாட்டுப் பக்கம் போனார். ரயில் இல்லாத, பஸ் இல்லாத காலம். ஒரு வழிக்கே 300 கிலோமீட்டருக்கு மேல். அப்போது தரங்கம்பாடியில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி, லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்தவர், வருவதற்குச் சம்மதித்தார். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக அவர் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809ல் மயிலாடியில் ஆலயம் எழும்பியது. அங்கே தொடங்கின கல்விப் பணி பின்னால் நாகர்கோவிலுக்கு மாறி, இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி வரை வளர்ந்தது. 1816ல் ரிங்கல்தௌபே உடல்நலம் குன்றி நாட்டை விட்டுப் போனபோது சபைகளை யாரிடம் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்திடம். அடுத்த மிஷனரி மீட் ஐயர் வரும்வரை மந்தையைக் காத்தவர் அவர்தான்.

மிஷனரிகளின் பெயரை நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம். நல்லது. ஆனால் மிஷனரிக்கு வழி காட்டியவன் ஒரு மயிலாடிக்காரன். தன் ஊரின் வலியும் அவனுக்குத் தெரியும், தஞ்சாவூரின் வெளிச்சமும் தெரியும். இரண்டையும் தெரிந்தவன்தான் பாலமாக முடியும். வெளியே இருந்து வந்தவருக்கு வலி தெரியாது. ஊரைத் தாண்டாதவருக்கு வெளிச்சம் தெரியாது. திரும்பி வந்தவருக்கு இரண்டும் தெரியும்.

3. முதலூர் தாவீதும் கிறிஸ்டியான்பேட்டை அருளப்பனும்

நம் சபையிலும் ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்திலும் தூத்துக்குடி, திருநெல்வேலி ஜில்லாக் குடும்பங்கள் நிறைய உண்டு. உங்கள் பாட்டன் பூட்டனுக்குச் சுவிசேஷம் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

சாத்தான்குளம் பக்கத்தில் காலங்குடியைச் சேர்ந்த சின்னமுத்து என்ற வாலிபன், வீட்டை விட்டுப் போய் தஞ்சாவூர் சேர்ந்தான். அங்கே இரட்சிக்கப்பட்டு தாவீது சுந்தரானந்தம் ஆனான். சத்தியநாதன் குருவானவருக்கு உதவியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பப்பட்டபோது, தன் உறவின்முறையாரிடமே போய்ப் பேசினான். ஓடிப்போன பையன் திரும்பி வந்துவிட்டான் என்று உறவுக்காரர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்திலேயே சுவிசேஷம் விதைக்கப்பட்டது.

விசுவாசித்தவர்களுக்கு உபத்திரவம் வந்தது. சொந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. அப்போது தாவீது என்ன செய்தான்? 'ஜெபிப்போம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று மாத்திரம் சொல்லி விடவில்லை. ஜெபித்தான், அதோடு 1799ல் நிலம் வாங்கி, அவர்களுக்கென்று ஒரு ஊரையே உண்டாக்கினான். முதலாவது உண்டான கிறிஸ்தவ ஊர் என்பதால் அதற்கு முதலூர் என்று பேர் வந்தது. அதற்குப் பின்னால் நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று எத்தனை ஊர்கள்! 1802ல் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பகுதியில் ஞானஸ்நானம் பெற்றார்கள். தாவீதோ பகைவரால் விஷம் வைக்கப்பட்டு மரித்தான் என்பதுதான் அந்தச் சபைகளின் பாரம்பரியம். திரும்பி வந்ததற்கு அவன் கொடுத்த விலை அது.

பெந்தெகொஸ்தே விசுவாசிகள் அறியவேண்டிய இன்னொருவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810ல் திருநெல்வேலிச் சீமையில் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். ரேனியுஸ் ஐயரிடம் படித்தவர். பின்பு அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற மிஷனரியோடு சேர்ந்து சென்னை, நீலகிரி என்று பல இடங்கள் சுற்றினார். சம்பளத்தை நம்பாமல் தேவனையே நம்பி ஊழியம் செய்வது எப்படி என்று அங்கே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதை எங்கே கொண்டு வந்தார்? தென் தமிழ்நாட்டுக்கே. 1840ல் வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டையில் குடியேறி, கிராமம் கிராமமாக நடந்தார். இருபது வருஷம் கழித்து, 1860ல் அங்கே எழுப்புதல் வந்தது. ஜனங்கள் பாவ உணர்வடைந்து அழுதார்கள், அந்நிய பாஷைகளில் பேசினார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அமெரிக்காவில் அசூசா தெரு எழுப்புதல் வந்தது 1906ல். அதற்கு 46 வருஷம் முன்பே தேவன் தமிழனுடைய வாயில் அக்கினியை வைத்தார். அல்லேலூயா!

1840க்கும் 1860க்கும் நடுவில் இருபது வருஷம் இருக்கிறது. திரும்பி வந்த மறுநாளே எழுப்புதல் வந்துவிடவில்லை. இதை மறந்துவிடாதிருங்கள்.

4. நெகேமியா: திரும்பி வந்தவன் எப்படி வேலை செய்ய வேண்டும்?

நெகேமியா சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். நல்ல உத்தியோகம், நல்ல சம்பளம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டபோது உட்கார்ந்து அழுதான், உபவாசித்தான். அதன் பிறகு அவன் செய்தவற்றை ஒவ்வொன்றாய்ப் பாருங்கள்.

(அ) அரமனையில் கற்றதை அலங்கத்துக்குப் பயன்படுத்தினான். ராஜாவிடம் எப்போது, எப்படிப் பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். விடுமுறை கேட்டான், தேசாதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான், மரத்துக்காக வனக்காவலனாகிய ஆசாப்புக்கும் கடிதம் கேட்டான் (நெகே. 2:7, 8). சர்க்கார் காகிதம் இல்லாமல் காரியம் நடக்காது என்பது உத்தியோகத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும்.

(ஆ) வந்தவுடனே பேசவில்லை, பார்த்தான். மூன்று நாள் அமைதியாக இருந்து, இராத்திரியில் சில பேரோடு போய் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தான் (2:11-15). நம்மவர்கள் சிலர் ஏர்போர்ட்டிலிருந்து வந்த மறுநாளே, "அங்கெல்லாம் சபை எப்படி இருக்கு தெரியுமா? இங்க ஒண்ணும் சரியில்ல" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் சுற்றிப் பாருங்கள். இடிந்ததற்குக் காரணம் என்ன என்று பாருங்கள்.

(இ) ஒவ்வொருவனையும் அவனவன் வீட்டுக்கு எதிரே கட்ட வைத்தான் (3:10, 23, 28-30). யாரும் தன் வீட்டு வாசலுக்கு எதிரே இருக்கிற சுவரை அரைகுறையாகக் கட்டமாட்டான். அலங்கம் 52 நாளில் முடிந்தது (6:15).

(ஈ) பன்னிரண்டு வருஷம் அதிபதியாய் இருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை (5:14). ஊருக்கு உதவ வந்தேன் என்று சொல்லி ஊரைச் சாப்பிடுகிறவர்களும் உண்டல்லவா? நெகேமியா அப்படிச் செய்யவில்லை.

5. யெப்தா: ஒரு எச்சரிப்பு

யெப்தாவின் கதை துயரமான கதை. தாயின் நிமித்தம் சகோதரர்கள் அவனைச் சொத்தில் பங்கில்லை என்று துரத்திவிட்டார்கள். தோப் தேசத்தில் வேலைவெட்டி இல்லாதவர்கள் அவனோடு சேர்ந்தார்கள். அங்கே அவன் யுத்தம் பழகினான். அம்மோனியர் யுத்தத்துக்கு வந்தபோது, துரத்தின அதே மூப்பர்கள் அவனைத் தேடி வந்தார்கள் (நியா. 11:1-8). பகையை நினைத்து 'போங்கடா' என்று அவன் சொல்லியிருக்கலாம். ஆனால் வந்தான். வந்தவுடனே வாளை எடுக்கவில்லை. முதலில் தூதர்களை அனுப்பி, முந்நூறு வருஷச் சரித்திரத்தை எடுத்துச் சொல்லிச் சமாதானம் பேசிப் பார்த்தான். இதுவும் பட்டறிவுதான். பின்பு கர்த்தருடைய ஆவி அவன்மேல் இறங்க, ஜனத்தை மீட்டான். எபிரெயர் 11ம் அதிகாரத்தின் விசுவாச வீரர் பட்டியலில் அவன் பேரும் இருக்கிறது.

ஆனால் இரண்டு இடத்தில் அவன் இடறினான். ஒன்று, யோசிக்காமல் செய்த பொருத்தனை. அதனால் ஒரே மகளின் வாழ்க்கை போயிற்று. இரண்டாவது, எப்பிராயீமர் வந்து குறை சொன்னபோது பொறுக்காமல் சொந்த ஜனத்தோடேயே யுத்தம் பண்ணினான். யோர்தான் துறையில் ஒரு வார்த்தையின் உச்சரிப்பை வைத்து ஆள் பிரித்து, 42,000 பேர் மடிந்தார்கள் (12:1-6). அம்மோனியனை ஜெயித்தவன், தன் உள்ளத்தில் இருந்த பழைய காயத்தை ஜெயிக்கவில்லை.

பாடுபட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. "அன்னைக்கு என்னை ஒதுக்குனீங்கல்ல, இப்ப பாரு" என்கிற ஆவி. கஷ்டத்தில் கற்றது பாடமாகவும் ஆகலாம், கசப்பாகவும் ஆகலாம். பாடத்தைக் கொண்டு வாருங்கள். கசப்பைச் சிலுவையண்டையிலேயே இறக்கிவிட்டு வாருங்கள்.

6. கதரேனர் நாட்டு மனுஷன்: என்னிடம் ஒன்றும் இல்லையே என்பவர்களுக்கு

"பாஸ்டர், நான் வெளிநாடும் போகல, கப்பலும் ஏறல. எனக்கு என்ன பட்டறிவு?" என்று நினைக்கிறீர்களா? மாற்கு 5ம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

கல்லறைகளில் குடியிருந்த ஒருவனை இயேசு விடுதலையாக்கினார். ஏறக்குறைய 2,000 பன்றிகள் கடலில் பாய்ந்து மாண்டன. ஊர் ஜனம் பயந்து, எங்கள் எல்லையை விட்டுப் போய்விடும் என்று இயேசுவையே கெஞ்சிக் கேட்டுக்கொண்டது. விடுதலையானவனோ, உம்மோடு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டான். எவ்வளவு நல்ல ஜெபம்! ஆனால் ஆண்டவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொந்தக்காரருக்குச் சொல் என்று திருப்பி அனுப்பினார். அவன் தெக்கப்போலி நாடெங்கும் போய்ச் சொன்னான்.

இப்போது மாற்கு 7:31ஐ வாசியுங்கள். இயேசு மறுபடியும் அதே தெக்கப்போலிக்கு வருகிறார். இந்தத் தடவை யாரும் போய்விடும் என்று சொல்லவில்லை. செவிடும் திக்குவாயுமான ஒருவனைக் கொண்டுவந்து, கை வைக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். நடுவில் அந்த நாட்டில் ஆண்டவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவனாக மாற்கு நமக்குக் காட்டுவது அந்த ஒருவனைத்தான். அவன் வேதாகமக் கல்லூரிக்குப் போகவில்லை. சங்கிலி எப்படி அறுத்தது, இரவில் கல்லறை எப்படி இருந்தது, விடுதலை எப்படி வந்தது, இதுதான் அவனுக்குத் தெரியும். அதுவே அந்தத் தேசத்துக்குப் போதுமானதாய் இருந்தது.

7. நம் ஊருக்கு என்ன செய்யலாம்?

காலடிப்பேட்டை உண்டானதே வந்து குடியேறினவர்களால்தான். 1717 முதல் 1720 வரை சென்னைக்குக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளிகளைக் குடியேற்றின காலெட் பேட்டை, ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அன்று தறியோடு வந்தார்கள். பின்பு கம்பெனி வேலைக்கு வந்தார்கள், துறைமுக வேலைக்கு வந்தார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017ல் மூடப்பட்டது போல, ஒரு தலைமுறைக்குச் சோறு போட்ட இடங்கள் சில இன்று இல்லை. பிள்ளைகள் வெளியே போகத்தான் செய்வார்கள். ஆனால் திரும்பி வந்த அனுபவசாலிகள் ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போவதோடு நிற்கலாமா?

கப்பலில் இருந்து ரிட்டயர் ஆன சகோதரரே: உங்களைச் சுற்றிலும் கப்பல் வேலை ஆசை காட்டி இலட்சக்கணக்கில் பிடுங்குகிற ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். கப்பலுக்கு ஆள் எடுக்கிற கம்பெனிக்குக் கப்பல்துறை இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்கவே கூடாது என்பது சட்டம். இது உங்களுக்குத் தெரியும். தாலியை அடகு வைக்கப் போகிற அந்தத் தாய்க்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் அந்தப் பையனோடு உட்காருங்கள். அந்த ஏஜென்ட்டின் காகிதங்களை வாங்கிப் பாருங்கள்.

வளைகுடாவில் இருந்து வந்த சகோதரரே: ஒப்பந்தத் தாளில் ஒரு வேலை, போன இடத்தில் வேறு வேலை, பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது, இதையெல்லாம் பட்டவர் நீங்கள். போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுமுன் தாளை வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

குடியிலிருந்து விடுதலையான சகோதரரே: நீங்கள்தான் நம் தெருவின் கதரேனர் நாட்டு மனுஷன். பல வருஷம் தினமும் குடித்த ஒருவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பு வரும், இல்லாதது கண்ணில் தெரியும். அது உயிருக்கே ஆபத்து. இதை எல்லாம் பிசாசு என்று நினைத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்கவும் வேண்டும். அந்த மூன்றாவது ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். "நானும் இதைத் தாண்டிதான் வந்தேன் தம்பி" என்று நீங்கள் சொல்லுகிற ஒரு வார்த்தை, என்னுடைய பத்துப் பிரசங்கத்துக்குச் சமம்.

ஆலைகளில் வேலை பார்த்த பெரியவர்களே: 2023 டிசம்பர் 26ந்தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா வாயு கசிந்தபோது ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஓடினார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும், மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் மூட வேண்டும் என்று நீங்கள் கம்பெனியில் பயிற்சி பெற்றிருக்கிறீர்கள். பெண்கள் ஐக்கியத்திலும் ஞாயிறு பள்ளியிலும் வந்து பத்து நிமிஷம் சொல்லிக் கொடுங்கள். அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கையால் அள்ளிச் சுத்தம் பண்ணினவர்கள் நம் மீனவச் சகோதரர்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் கரையில் அப்படித்தான் அள்ளினார்கள். அந்தக் கைகள் கற்றதை வாலிபர்களுக்குச் சொல்ல வேண்டும்.

கந்துவட்டியில் சிக்கி, அடைத்து மீண்டு வந்த சகோதரிகளே: இன்னொரு சகோதரி வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடப் போகிறாள். அவளைத் தடுங்கள். எந்த மாதம் எந்தக் கடனை முதலில் அடைத்தீர்கள், நகையை எப்படி மீட்டீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

இது எல்லாம் ஆவிக்குரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். அலங்கம் கட்டினது ஆவிக்குரிய காரியமா? மதிலைக் கட்டிமுடித்த பிறகுதான் நெகேமியா 8ம் அதிகாரத்தில் ஜனமெல்லாம் கூடி வேதத்தைக் கேட்டு அழுதார்கள். மதிலும் எழுப்புதலும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கிறது.

மூன்று எச்சரிப்புகள்

முதலாவது, எல்லோரும் வரவேற்கமாட்டார்கள். நம் ஆண்டவரே தாம் வளர்ந்த நாசரேத்துக்குத் திரும்பி வந்தபோது மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள் (லூக். 4:29). தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் நெகேமியாவின் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை (நெகே. 3:5). அதற்காக மற்றவர்கள் வேலையை நிறுத்தவில்லை.

இரண்டாவது, அனுபவத்தையே நம்பாதிருங்கள். மீதியானில் நாற்பது வருஷம் இருந்த மோசேக்கும் முட்செடியின் அக்கினி தேவைப்பட்டது. பட்டறிவு விறகு. பற்ற வைக்கிறவர் பரிசுத்த ஆவியானவர்.

மூன்றாவது, சபையாரே, திரும்பி வருகிறவனுக்கு இடம் கொடுங்கள். பத்து வருஷம் முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று பேசிக்கொண்டிருக்காதிருங்கள். கீலேயாத்தின் மூப்பர்கள் ஆபத்து வந்த பிறகுதான் யெப்தாவைத் தேடினார்கள். முன்னமே அவனைச் சேர்த்திருந்தால் அவனுக்குள் அந்தக் காயமே இருந்திருக்காது.

வீட்டு ஜெபக்கூட்டங்களில் தியானிக்க

1. என் வாழ்க்கையில் வீணாய்ப் போனது என்று நான் நினைக்கிற வருஷங்கள் எவை? அவற்றில் நான் கற்றது என்ன?
2. என் வீட்டு வாசலுக்கு எதிரே இடிந்து கிடக்கிற 'மதில்' எது?
3. யெப்தாவைப் போல நான் இன்னும் மன்னிக்காத உறவினர் யாராவது உண்டா?
4. இந்த மாதத்தில் நான் போய் உட்கார வேண்டிய அந்த ஒருவர் யார்? அவர் பெயரை எழுதி, தினமும் ஜெபியுங்கள்.

ஜெபம்: அன்பின் பரம பிதாவே, தூர தேசத்திலும் பக்கத்துத் தெருவிலும் நாங்கள் பட்ட பாடுகளை நீர் அறிவீர். அவைகளில் ஒன்றும் வீணாய்ப் போகாதபடி எடுத்து உபயோகியும். எங்களில் கசப்பு இருந்தால் உம்முடைய இரத்தத்தால் கழுவும். வேதமாணிக்கத்துக்கும் தாவீதுக்கும் கொடுத்த ஜன பாரத்தை எங்களுக்கும் தாரும். காலடிப்பேட்டையிலும், திருவொற்றியூரிலும், எண்ணூர் வரையிலும் அழிந்துபோகிற ஆத்துமாக்களுக்காக எங்களை அனுப்பும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.